தாயியின் இசைத்தட்டும் டெலாஜின் பியானோவும்

பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் எழுதிய ‘ராகமாலிகா’ என்ற சிறு பாடலில், பியானோ வாசிப்பவருக்கு வழக்கத்துக்கு மாறான ஒரு கட்டளை இருக்கிறது. மந்தர ஸ்தாயியில் வரும் ஒரு ‘பி ஃபிளாட்’ கட்டைக்குரிய கம்பிகளின் அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்ள வேண்டும். செருகியதும் அந்தக் கட்டையின் கணீர் ஒலி அடங்கி, தோல்வாத்தியத்தில் கை பட்டதுபோல் ‘தொம்’ என்று விழுகிறது. இந்திய மத்தள ஓசையைப் பியானோவுக்குள் கொண்டுவர டெலாஜ் கண்ட வழி அது. பியானோவின் வயிற்றுக்குள் பொருள்களைச் செருகி ஓசையை மாற்றும் முறைக்கு அமெரிக்காவின் ஜான் கேஜ் 1940 வாக்கில்தான் பெயர் வாங்கினார். டெலாஜ் ‘ராகமாலிகா’வில் கைவைத்தது 1912-இல்.

பாடலின் மூலம் அதைவிட வியப்பானது. வடலூர் வள்ளலார் இராமலிங்க அடிகளின் திருவருட்பாவைக் கோயம்புத்தூர் தாயி ராகமாலிகையாகப் பாடிய ஒரு கிராமபோன் தட்டு அது. அந்தத் தட்டை ஏறக்குறைய அப்படியே ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதியதுதான் டெலாஜின் பாடல் என்பதை அமெரிக்க இசையியலாளர் ஜான் பாஸ்லர் தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசை கீழ்த்திசையிலிருந்து வாங்கியது ஏராளம். வாங்கிய விதங்கள் மட்டும் ஒன்றுபோல் இல்லை. சிலர் ஊர்ப்பெயரை வாங்கினார்கள். சிலர் காட்சியை வாங்கினார்கள். சிலர் நூலிலிருந்து கணக்கை வாங்கினார்கள். டெலாஜ் ஒரு குரலை வாங்கினார். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ‘தாக்கம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். எதை எடுத்தார் என்று கேட்பதோடு நிற்காமல், எடுத்ததற்காகத் தம் பக்கத்தில் எதை மாற்றிக்கொண்டார் என்றும் கேட்டால் ஒவ்வொருவரின் படைப்புமுறையும் தெளிவாகும். இக்கட்டுரை அந்தக் கேள்வியைக் கொண்டே டெலாஜையும் அவருக்கு முன்பின் வந்தவர்களையும் பார்க்கிறது.

ராவெலின் மாணவர்

டெலாஜ் 1879-இல் பிறந்தார், 1961-இல் மறைந்தார். தந்தை காலணி மெருகு தயாரிக்கும் தொழில் நடத்திய வசதியானவர். பாரிஸ் கன்சர்வேட்டரியில் படித்துப் பட்டம் பெற்று வந்த இசையமைப்பாளர் அல்ல டெலாஜ். டெபுஸியின் ‘பெலேயாஸும் மெலிசாந்தும்’ இசைநாடகம் 1902-இல் அரங்கேறியபோது அதில் மயங்கி, இருபது வயதைக் கடந்த பிறகே இசையை முழுமூச்சாகப் பிடித்துக்கொண்டார். ஆசிரியராக அவருக்கு வாய்த்தவர் மோரிஸ் ராவெல்.

கவிஞர்களும் ஓவியர்களும் இசைக்காரர்களும் கலந்த ‘அபாஷ்’ என்ற நண்பர் குழுவில் இருவரும் இருந்தார்கள். பாரிஸின் ஓட்டேய் பகுதியில் டெலாஜ் வாடகைக்கு எடுத்திருந்த தோட்ட வீட்டில் அந்தக் குழு இரவுகளில் கூடி இசைத்தது. ராவெல் தம் ‘மிர்வார்’ பியானோத் தொகுப்பின் கடைசிப் பகுதியான ‘மணிகளின் பள்ளத்தாக்கை’ டெலாஜுக்கே காணிக்கையாக்கினார். ஸ்திராவின்ஸ்கி தம் ‘மூன்று ஜப்பானியப் பாடல்க’ளில் முதலாவதை அவருக்கு அளித்தார். புகழில் டெலாஜ் பின்வரிசையில் நின்றாலும் தம் காலத்தின் முதல்வரிசைக் கலைஞர்களோடு தோளுரசிப் பழகியவர்.

ராவெலிடம் அவர் பெற்ற பாடமுறையை இங்கே கவனிக்க வேண்டும். ‘நல்ல மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்; அதைப் பார்த்துச் செய்; உன்னை அறியாமல் எங்கே விலகுகிறாயோ அங்கேதான் நீ இருக்கிறாய்’ என்ற கருத்தில் ராவெல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நம் குருகுலத்தில் பாடாந்தரம் கற்பிக்கும் வழிக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. டெலாஜ் பின்னாளில் தாயியின் தட்டை எதிரே வைத்துக்கொண்டு அப்படியே எழுத முனைந்ததை நகலெடுப்பு என்று தள்ளிவிட முடியாததற்கு இது ஒரு காரணம். அவர் பயின்ற முறையே அது. புதுமை, அவர் தேர்ந்த மாதிரியில் இருந்தது.

பாரிஸுக்கு வந்த கீழ்த்திசை

டெலாஜுக்கு முன்பே பாரிஸ் கீழ்த்திசையைக் கேட்டிருந்தது. 1889-இல் நடந்த உலகப் பொருட்காட்சியில் மேற்கு ஜாவாவிலிருந்து வந்த கமெலான் குழுவை டெபுஸி கேட்டார். வெண்கலத் தட்டுகளும் கோங்குகளும் அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் சுழலும் அந்த இசை அவர் மனத்தில் ஊறி, 1903-இல் ‘பகோட்’ என்ற பியானோ இசையாக வெளிவந்தது. ஐந்து சுர அமைப்பு, அடியில் நீண்டு ஒலிக்கும் கோங்கு போன்ற சுரம், மேலே விரைந்தோடும் சிறு சுரங்கள் என்று கமெலானின் அடுக்கைப் பியானோவின் இயல்புக்குள்ளேயே அவர் மடித்து வைத்தார்.

ராவெல் வாங்கியது நம் மலாயா மண்ணுக்கு இன்னும் நெருக்கமானது. 1914-இல் அவர் எழுதிய பியானோ மூவிசையின் இரண்டாம் பகுதிக்கு ‘பாந்தூம்’ என்று பெயர். மலாய் மக்களின் பந்துன் பாடல்தான் பிரெஞ்சுக் கவிதை வழியாக அந்தப் பெயரில் அவரிடம் போய்ச் சேர்ந்தது. பந்துனின் முதல் இரண்டு அடிகள் இயற்கைக் காட்சியைக் காட்டும். அடுத்த இரண்டு அடிகள் சொல்லவந்த பொருளைச் சொல்லும். தொடர் பந்துனில் ஒரு பாட்டின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பாட்டின் முதல், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். ராவெல் இரண்டு இசைக்கருக்களை மாறிமாறி நிறுத்தி, ஒவ்வொன்றும் தன் போக்கில் வளர, இரண்டும் பின்னிச் செல்லும்படி அமைத்தார். கெடாவிலும் பினாங்கிலும் கல்யாண வீடுகளில் வாய்மொழியாகப் புழங்கும் ஒரு பாட்டுவடிவம் பாரிஸின் இசைக்கூடத்தில் வயலினும் செல்லோவும் பியானோவும் நடத்தும் உரையாடலாக மாறியது.

டெபுஸி நேரில் கேட்டார். ராவெல் ஏட்டில் படித்தார். இருவரும் வாங்கியதைத் தம் மொழிக்குள் முழுதாகக் கரைத்துக்கொண்டார்கள். கமெலான் இல்லாமலே ‘பகோட்’ நிற்கும். பந்துன் தெரியாதவருக்கும் ‘பாந்தூம்’ இனிக்கும். அது அவர்களின் பலம். மூலத்தை இசைத்தவர்கள் யார் என்ற கேள்வி எழாமலே போனதற்கும் அதுவே காரணம்.

1912: நான்கு ஊர்கள், நான்கு பாடல்கள்

டெலாஜ் தம் பெற்றோருடன் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் பயணம் செய்தார். அந்த அனுபவத்தில் 1912-இல் உருவானது ‘நான்கு இந்துக் கவிதைகள்’. மதராஸ், லாகூர், பெனாரஸ், ஜெய்ப்பூர் என்று நான்கு பாடல்களுக்கும் நான்கு ஊர்ப்பெயர்கள். பெண்குரல் ஒன்று; துணைக்குக் குழல்வாத்தியங்கள், ஹார்ப், நால்வர் தந்திக்குழு. 1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் சுயேச்சை இசைச் சங்கத்தின் மேடையில் அரங்கேறியது. ராவெலின் மலார்மே கவிதைகளும் ஸ்திராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்களும் அதே மாலையில் ஒலித்தன.

ஊர்ப்பெயர்களை நம்பி உள்ளே போனால் ஏமாற்றம் காத்திருக்கிறது. ‘மதராஸ்’ பாடலின் சொற்கள் தமிழிலிருந்து வந்தவை அல்ல. வடமொழிக் கவி பர்த்ருஹரியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. ‘ஜெய்ப்பூர்’ பாடலும் அவருடையதே. ‘லாகூர்’ பாடலோ ஜெர்மானியக் கவி ஹைனே எழுதியது: வடக்கின் பனியில் தனித்து நிற்கும் மரம் ஒன்று கீழ்த்திசைப் பனைமரத்தைக் கனவு காணும் கவிதை. சொல்லளவில் பார்த்தால் இது பயணி ஒருவர் ஊருக்கு ஊர் வாங்கிய அஞ்சலட்டைத் தொகுப்பு.

இசையளவில் கதை வேறு. ‘லாகூர்’ பாடலைக் கவனமாகக் கேட்டால் அது தெரியும். பாடகி வாய் திறப்பதற்கு முன் செல்லோ தனியே பேசத் தொடங்குகிறது. வில்லை விட்டு விரலால் கம்பியை மீட்டி, மீட்டிய சுரம் அடங்குவதற்குள் விரலை அப்படியே அடுத்த சுரத்துக்கு இழுக்கிறார் கலைஞர். ஒரு மீட்டில் பல சுரங்கள் வழுக்கி வருகின்றன. சித்தார், சுர்பகார் வித்துவான் இம்தாத் கானின் இசைத்தட்டைக் கேட்டு டெலாஜ் எடுத்த பிடி இது என்று பாஸ்லர் காட்டுகிறார். செல்லோ படித்த ஐரோப்பியக் கைக்கு இந்த ‘மீண்ட்’ அன்னியமானது. பாடலின் முடிவில் சொற்கள் நின்றுவிடுகின்றன. பாடகி வாயை மூடியும் திறந்தும் வெறும் ஓசையில் சஞ்சாரம் செய்கிறார். ஆலாபனை என்ற கருத்தைச் சொல்லால் விளக்காமல் தொண்டையாலேயே கற்றுக்கொள்ளும் முயற்சி அது.

ஊர்ப்பெயரில் தொடங்கியவர் ஒலியில் வந்து நின்றார். டெலாஜின் முறை இந்த இடத்தில்தான் மற்றவர்களிடமிருந்து பிரிகிறது. அவர் வாத்தியக்காரரின் கையையும் பாடகியின் தொண்டையையும் வேறு பழக்கத்துக்கு வரச் சொன்னார்.

மூன்று நிமிடத் தட்டு

கோயம்புத்தூர் தாயி 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்தவர். தேவரடியார் மரபில் வந்தவர். தென்னகத்தின் தொடக்ககால இசைத்தட்டுகளில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற அந்த மரபுப் பெண்களுக்குப் பெரிய இடம் உண்டு. இந்தியாவில் வணிகரீதியான ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. மைக் இல்லாத காலம். ஒரு பெரிய ஊதுகுழலுக்குள் முகத்தை நீட்டி உரத்துப் பாட வேண்டும். அந்த அதிர்வு நேரே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிடம். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அந்தச் சிமிழுக்குள் அடக்க வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது, எங்கே வேகம் கூட்டுவது என்று தீர்மானிப்பது பாடகரின் மதிநுட்பம். ஆகவே தாயியின் தட்டைக் ‘கச்சாப்பொருள்’ என்று சொல்வது தவறு. அது முடிந்த ஒரு படைப்பு.

ராகமாலிகை அந்தச் சிறு நேரத்துக்குப் பொருந்திய வடிவம். பாடலின் பகுதிக்குப் பகுதி ராகம் மாறும்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் கேட்பவர் மனம் சிலிர்க்கும். டெலாஜ் அந்தத் தட்டிலிருந்து பல அடுக்குகளை எடுத்துக்கொண்டார். முதலாவது, பகுதிகளின் வரிசையும் ராகம் மாறும் இடங்களும். இரண்டாவது, வேக மாற்றங்கள். ஐரோப்பியப் பாடலுக்குரிய ஒரே சீரான நடையை அவர் திணிக்கவில்லை. மூன்றாவது, சுரத்தை எப்படித் தொடுவது என்பது: எங்கே தட்டுவது, எங்கே இழுப்பது, எங்கே சிறு சுரங்களைச் சுழற்றி முக்கியச் சுரத்தில் இறங்குவது. நான்காவதுதான் அந்த அட்டைத் துண்டு.

பியானோ கமகத்துக்கு எதிரி. ஒவ்வொரு கட்டையும் ஒரு சுரத்தில் ஆணியடித்தது போல நிற்கும். காந்தாரத்தை மத்திமத்தின் நிழலில் அசைத்துக் காட்ட வழியே இல்லை. ஆர்மோனியம் பற்றி நம் வித்துவான்கள் நெடுங்காலம் சொல்லிவந்த குறையும் இதுதான். இதை உணர்ந்த டெலாஜ் அசையும் வேலையைப் பாடகியின் குரலிடமே விட்டார். பியானோவுக்குச் சுதியும் தாளமும் காக்கும் பணியைக் கொடுத்தார். அட்டை செருகிய ‘பி ஃபிளாட்’ திரும்பத் திரும்ப விழும்போது தம்புராவின் நிலைத்தன்மையும் மத்தளத்தின் அடியும் ஒரே கட்டையில் சேர்கின்றன. ஐரோப்பிய இசையின் அரசனாக இருந்த வாத்தியம் இங்கே பக்கவாத்தியமாக இறங்கி வருகிறது. ஒரு தமிழ்ப் பெண்ணின் பாட்டுக்காகப் பியானோவின் கம்பியில் கைவைக்கத் துணிந்ததை நான் மிகப் பெரிய மரியாதையாகவே கருதுகிறேன்.

காலக்கணக்கையும் நினைத்துப் பார்க்கலாம். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறியது 1867-இல். வள்ளலார் சித்திவளாகத்தில் மறைந்தது 1874-இல். தாயிக்கு அப்போது இரண்டு வயது. அரை நூற்றாண்டுக்குள் அந்தப் பாடல் ஓலையும் ஏடும் கடந்து, ஒரு பெண்ணின் குரலில் ஏறி, அரக்குத் தட்டில் பதிந்து, பாரிஸின் பியானோவில் போய் அமர்ந்துவிட்டது. அச்சும் ஒலிப்பதிவும் கப்பலும் ஒரே தலைமுறையில் கைகோத்ததால் நடந்தது இது.

மற்றவர்கள் வாங்கிய விதம்

டெலாஜின் முறையை மதிப்பிட அவருடைய நாட்டார் மூவரைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

அல்பேர் ரூசெல் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 1909-இல் மனைவியுடன் இந்தியாவுக்கு வந்தார். எல்லோரா குகை, ஜெய்ப்பூர், காசியின் கங்கைக்கரை ஆகிய மூன்றும் அவருடைய ‘எவொகாசியோன்’ என்ற பெரும் இசைக்குழுப் படைப்பாயின. சித்தூர் ராணி பத்மினியின் கதையை வைத்து அவர் எழுதிய ‘பத்மாவதி’ 1923-இல் பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது. ரூசெல் பெற்றது காட்சியும் அது எழுப்பிய மனநிலையும். ராகச் சாயல்கள் அவரிடம் உண்டு. ஆனால் அவை ஐரோப்பிய இசைக்குழுவின் பெருவெள்ளத்தில் நிறமாகவே கலக்கின்றன.

ஒலிவியே மெஸ்ஸியன் வேறு துருவம். 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய ‘சங்கீத ரத்னாகர’த்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் வருகிறது. அது ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்ததை மெஸ்ஸியன் கண்டெடுத்தார். குறுமாத்திரை ஒன்றைச் சேர்த்து நடையைக் குலைப்பது, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் தாளக்கோவை என்று அவர் வகுத்த இலக்கணத்துக்கு இந்தப் பட்டியல் உரமானது. 1941 ஜனவரியில் ஜெர்மானியக் கைதி முகாமில் சக கைதிகள் முன் அவர் இசைத்த ‘காலத்தின் முடிவுக்கான நால்வரிசை’யில் தேசி தாளங்கள் இருக்கின்றன. 1949-இல் பாஸ்டனில் அரங்கேறிய ‘துரங்கலீலா’வின் பெயரே வடமொழி. ஆனால் மெஸ்ஸியனுக்குத் தாளம் என்பது மாத்திரைகளின் வரிசை மட்டுமே. கையில் போடும் ஆவர்த்தனம், சமத்தில் வந்து சேரும் மகிழ்ச்சி, பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் நடக்கும் பேச்சு ஆகியவை ஏட்டில் இல்லாததால் அவர் இசையிலும் இல்லை. அந்தக் குறையிலிருந்தே அவர் புதியதொரு கால உணர்வைப் படைத்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாமவர் மெஸ்ஸியனிடம் படித்த ஜாக் ஷார்பாந்தியே. 1950-களின் தொடக்கத்தில் இந்தியாவில் தங்கிப் பயின்றவர். நம் 72 மேளகர்த்தாக்களையும் முதலிலிருந்து கடைசிவரை எடுத்துக்கொண்டு, மேளத்துக்கு ஒன்றாக ‘72 கர்நாடகப் பயிற்சிகள்’ என்று பியானோவுக்கு எழுதினார். 1957-இல் தொடங்கிய வேலை 1984-இல் முடிந்தது. ஆறு மேளம் ஒரு சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்ற வேங்கடமகி மரபின் அடுக்கை அப்படியே மதித்தார். ஒரு பண்பாட்டின் இலக்கணத்துக்கு இத்தனை ஆண்டுகளைக் கொடுத்த பொறுமை வணங்கத்தக்கது. ஆனாலும் மேளம் என்பது சுரப்படி. அது ராகமாவது பிரயோகத்தாலும் கமகத்தாலும். பியானோவின் 72 பயிற்சிகளில் படிகள் எல்லாம் இருக்கின்றன. தோடியின் அசைவு இல்லை.

ரூசெலிடம் கண், மெஸ்ஸியனிடமும் ஷார்பாந்தியேயிடமும் ஏடும் கணக்கும், டெலாஜிடம் காது முன்னே நின்றன. அளவில் டெலாஜின் படைப்பு மிகச் சிறியது. ‘துரங்கலீலா’வின் பத்துப் பகுதிகளுக்கு எதிரே ‘ராகமாலிகா’ ஒரு கைப்பிடி. ஆனால் ஒரு குறிப்பிட்ட மனிதரின் குரலை, அவருடைய மூச்சையும் வேகத்தையும் உட்பட, ஆசிரியராக ஏற்றுக்கொண்டது இந்த வரிசையில் அவர் ஒருவரே.

எதிர்வாதமும் நம் கடமையும்

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. டெலாஜ் காலனியக் காலத்துச் செல்வந்தப் பயணி. தாயியின் தட்டை எடுத்துத் தம் பெயரில் பாடலாக வெளியிட்டார். வருமானமோ புகழோ தாயிக்குப் போகவில்லை. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ‘நான்கு இந்துக் கவிதைகள்’ ஊர்ப்பெயர்களை அலங்காரமாகப் பயன்படுத்துகிறது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வாதத்தோடு நின்றுவிட்டால் நம் பக்கத்துக் குறை மறைந்துபோகும். தாயியை நாம் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கிறோம்? தேவரடியார் மரபின் இசையைச் சபாக்கள் எடுத்துக்கொண்டு, பாடிய பெண்களை ஓரங்கட்டிய வரலாறு நம்முடையது. பாரிஸ்காரர் ஒருவர் மாதிரியாக ஏற்ற குரலுக்கு நம் பாடநூல்களில் ஒரு பத்திகூடக் கிடைப்பது அரிது.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் வாழும் எனக்கு இந்த விவாதம் தொலைதூர விஷயமாகப் படவில்லை. எங்கள் கெக் லோக் சி கோயிலின் ஏழு அடுக்குப் பகோடாவில் அடிப்பகுதி சீன எண்கோணம், நடுப்பகுதி தாய்லாந்து முறை, முடி பர்மிய வடிவம். 1930-இல் கட்டிமுடித்தபோது மூன்றையும் குழைத்து ஒன்றாக்காமல், ஒவ்வொன்றின் முகமும் அடையாளம் தெரியும்படி அடுக்கினார்கள். பினாங்கின் இசையும் அப்படி அடுக்கி வளர்ந்ததுதான். போரியாவும் டொண்டாங் சாயாங்கும் நாதசுரமும் ஒரே தெருவில் கேட்ட ஊர் இது, பி. ராம்லி இங்கேதான் பிறந்து, கேட்டதையெல்லாம் மலாய்ப் பாட்டாக்கினார். இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் சித்தார், கமெலான், நாதசுரம் என எல்லாத் துணுக்குகளும் வந்துவிழுகின்றன. அவற்றை அடுக்கிப் பாட்டுக் கட்டும் நம் பிள்ளைகளுக்கு டெலாஜிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு தட்டை மனப்பாடமாகும்வரை கேட்க வேண்டும். அதற்காகத் தம் வாத்தியத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். அவர் காலம் செய்யாமல் விட்ட ஒன்றும் உண்டு: பாடியவரின் பெயரை முன்னே சொல்வது.

‘ராகமாலிகா’ இன்றும் ஐரோப்பிய மேடைகளில் பாடப்படுகிறது, ஒலிப்பதிவுகளும் உள்ளன. சென்னையிலோ கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அதைப் பாட ஒரு தமிழ்ப் பாடகி முன்வர வேண்டும். தமிழ் நாவுக்கும் கமகம் அறிந்த தொண்டைக்கும் அந்தப் பாடல் திரும்பி வரும்போது, டெலாஜ் எவ்வளவு தூரம் சரியாகக் கேட்டார், எங்கே தவறவிட்டார் என்பது தெளிவாகும். அந்த ஆய்வை நம்மால்தான் செய்ய முடியும். அன்றைய நிகழ்ச்சி நிரலில் மூன்று பெயர்கள் இந்த வரிசையிலேயே அச்சாக வேண்டும்: இராமலிங்க அடிகள், கோயம்புத்தூர் தாயி, மோரிஸ் டெலாஜ்.